கலண்டரார் நிராகரித்த ஏரிகள்

சுவிற்சர்லாந்தின் ஏரிகளை ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்து, "நீ சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திரும்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். லொசான் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ரெனான் ஊர்த் தமிழர்கள் அவரைக் கலண்டரார் என்று அழைத்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அவருடைய மைத்துனருக்கே யாரென்று விளங்காது.

உல்லாசப் பயணிகள் கடல் தாண்டி வந்து, இந்த நாட்டு ஏரிக்கரையில் நின்று ஆகா என்பார்கள். கலண்டரார் அதே கரையில் நின்று ஒரு கண்ணை மூடுவார். தோளில் தொங்கும் அட்டைக் குழலிலிருந்து ஒரு கலண்டர் தாளை உருவி எடுப்பார். கையை நீட்டி அதை ஏரிக்கு நேரே பிடிப்பார். பின்னால் பார்க்காமலே பின்னால் நடப்பார். பிறகு, பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழும்பும் மாப்பிள்ளை வீட்டாரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "வாங்கோ மாஸ்டர், போவம். இது இல்லை" என்பார்.

மாஸ்டர் என்பது நான். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவன். இங்கே வந்து பிரெஞ்சு கற்றுக்கொண்ட குற்றத்துக்காக, ரெனானில் இருந்த பாதித் தமிழருக்கு ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்திலும் நான்தான் வாய். அந்த வேலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. சொன்னதைச் சொன்னபடி சொல்வதில்லை. டொக்டர் நெடுநேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பேசினால், நான் திரும்பி, "பயப்பட ஒண்டுமில்லையாம்" என்பேன். நோயாளி தன் மருமகள் செய்த கொடுமையிலிருந்து தொடங்கி அழுது முடித்தால், டொக்டரிடம், "வயிறு வலிக்கிறதாம்" என்பேன். எல்லாரும் சந்தோஷமாக வீடு போனார்கள். என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். நானும் நம்பினேன். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கலண்டர் படம். ஏரியும் மலைகளும். கீழே தண்ணீர், நடுவில் மலைகள், மேலே வானம். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். அந்தப் படத்தில் எல்லாம் வரிசையில் நின்றன. மலைகள் பாடசாலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல உயரப்படி நின்றன. மேகங்கள் பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தன. தண்ணீருக்குள் அதே மலைகள் தலைகீழாக, அதே மேகங்கள் அதே பந்தியில். வானம் மஞ்சள் தண்ணீர் தெளித்தது போல. ஒரு வள்ளம் இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு மனிதப் பூச்சி இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால், இது காலையா மாலையா, தூரமா கிட்டவா, யாரோ பிறக்கப்போகிறார்களா, இல்லை போய்விட்டார்களா என்று ஒன்றும் பிடிபடாமல் தலை சுற்றும். குறியீட்டுப் பாணி ஓவியம் என்று பிறகு அறிந்தேன். அப்போது அது எனக்கு ஒரு கலண்டர் படம் மட்டுமே.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஓவியர் பெயரும், "ஏரியும் மலைகளும்" என்ற தலைப்பும் இருந்தன. இந்த நாட்டில் அப்படி ஒரு தலைப்பு வைப்பது, காணாமல் போனவரைத் தேடும் அறிவித்தலில் "ஆளுக்கு மூக்கு உண்டு" என்று எழுதுவதற்குச் சமம்.

கலண்டரார் நாட்டின் கிழக்குக் கோடியில், எங்கடின் என்ற பள்ளத்தாக்கில், ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவிக்குச் சுகமில்லாமல் வரவே ரெனானுக்கு வந்து சேர்ந்தார். போர் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. படுக்கைக்கு எதிரே ஆஸ்பத்திரிச் சுவரில் அந்தக் கலண்டர் தொங்கியது. கடைசி நாட்களில் ஒருநாள் அந்த அம்மா நல்ல கையைத் தூக்கி அதைக் காட்டினார். கலண்டராருக்கு விளங்கிவிட்டது. தன்னை அந்த ஏரியில் கரைக்கச் சொல்கிறாள். அன்றே தாளைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டார். மாதம் முடிய இன்னும் நாள் கிடந்தது. அந்த வார்டில் தாதிமார் திகதி தெரியாமல் தடுமாறியதாகக் கேள்வி.

அம்மா போனதும் தகனம் முடிந்து சாம்பல் ஒரு கலசத்தில் கைக்கு வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் அதைத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். அதுதான் எங்கள் முறை. கலண்டரார் அந்தியேட்டிக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். கலசத்தை மட்டும் கரைக்கவில்லை.

"ஏரியைக் கண்டுபிடிச்ச உடனை கரைப்பன்" என்றார்.

அந்த அம்மாவின் தம்பிக்கு, அதுதான் நான் சொன்ன மைத்துனருக்கு, லா ஷோ-து-ஃபோன் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. நேரம் தவறாத மனிதர். சோற்றைக்கூட ஒரே அளவுக் கவளமாக உருட்டுவார். அவருக்கு இந்தக் கதை பொறுக்கவில்லை.

"அத்தான், உங்களுக்கு விசரோ? அக்காவை வீட்டுக்குள்ளை அலுமாரியிலை வைச்சிருக்கிறியள். கோடை லீவுக்குத் தொழிற்சாலை பூட்டினவுடனை நான் ஊருக்குப் போறன். தாங்கோ, கொண்டுபோய்க் கீரிமலைக் கடலிலை விடுறன். முறையா முடியும்."

"உன்ரை அக்கா கீரிமலையைக் காட்டேல்லை, மச்சான்."

"ஆஸ்பத்திரிச் சுவரிலை கீரிமலைப் படம் தொங்கினால்தானே காட்டுறதுக்கு!"

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். மைத்துனர் விமானம் ஏறும் நாளுக்குள் ஏரி கிடைத்தால் அதில் கரைப்பது. கிடைக்காவிட்டால் கலசம் கீரிமலைக்கு. கலண்டரார் கையடித்துச் சம்மதித்துவிட்டு நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மாஸ்டர், நீங்கள் புவியியல் படிப்பிச்சனீங்கள்தானே?"

"ஓம்."

"அப்ப வெளிக்கிடுங்கோ."

இப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். கலசத்தையும் கூடவே கொண்டுவந்தார். ஏரி கிடைத்தால் உடனே கரைத்துவிட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. நல்ல சிப் உள்ள பை என்பதால், பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் நீலக் குளிர்ப்பையில் அதை வைத்திருந்தார். முதல் பயணத்திலேயே, தெரியாமல் என் சாப்பாட்டுப் பெட்டியை அதற்குள் வைக்கப் போனேன்.

"ஆறுதலா வையுங்கோ மாஸ்டர். அவவுக்கு மீன் மணம் ஒத்துக்கொள்ளாது."

ரயிலில் பை ஜன்னலோர இருக்கையில் இருந்தது. அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தார். நிறைந்த பெட்டியில் வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் வந்து, அந்த இடம் காலியா என்று பிரெஞ்சில் கேட்டார். "இல்லை எண்டு சொல்லுங்கோ. மனிசி இருக்கிறா" என்றார் கலண்டரார்.

நான் என்ன செய்வது? "இவருடைய மனைவி இப்போது வந்துவிடுவார்" என்று மொழிபெயர்த்தேன்.

மூதாட்டி நல்லவர். எதிர்ப்பக்கம் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, கழிவறைப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். நேரம் போகப் போக அவருக்குக் கவலை கூடியது. கடைசியில் எழுந்து போய்க் கண்டக்டரைக் கூட்டிவந்துவிட்டார். உள்ளே ஒரு பெண் மயங்கி விழுந்து கிடக்கிறாராம். கண்டக்டர் கழிவறைக் கதவைத் தட்ட, உள்ளிருந்த இராணுவச் சிப்பாய் ஒருவன் பாதிக் காற்சட்டையோடு வெளியே வந்தான். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வெளியே இயற்கைக் காட்சியைப் பார்த்தேன். கலண்டரார் நிம்மதியாக டிக்கெட்டுகளை நீட்டினார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வெட்டுங்கோ."

எங்கடினில் ஏரிகள் அதிகம். தான் வேலை செய்த இடம் என்பதால் அங்கேதான் அது இருக்கும் என்று கலண்டரார் நம்பினார். அங்கே பிரெஞ்சு செல்லாது. அவருடைய சமையலறை ஜெர்மன்தான் கை கொடுத்தது. ஒரு விவசாயியிடம் படத்தை விரித்துக் காட்டினார். அவர் தொப்பியைக் கழற்றி, படத்தைப் பார்த்து, மலையைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து, நெடுநேரம் ஏதோ சொன்னார்.

"என்னவாம் அண்ணை?"

"மாடு இல்லையாம். மாடு இல்லாத ஏரி இந்தப் பக்கத்திலை இல்லையாம்."

"இவ்வளவு நேரம் சொன்னது அவ்வளவுதானோ?"

"மிச்சம் மாட்டைப் பற்றி."

அடுத்த ஏரியில் மலைகள் ஓரளவு பொருந்தின. கலண்டராரின் மூச்சு வேகமாகியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடந்தார். நடந்தார். ஒரு உணவகத்தின் வெளி மேசைகளுக்குள் போய்விட்டார். புதுமணத் தம்பதியர் உருக்கிய சீஸில் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோளில் தொங்கிய குழலின் நுனி அந்தச் சட்டிக்குள் இறங்கியது. கலண்டரார் அதைக் கவனிக்கவில்லை. "மாஸ்டர், வலது பக்கம் மொட்டையா இருக்கு. இது இல்லை" என்று அறிவித்துவிட்டுத் திரும்ப, சீஸ் நூல் நூலாக மணமகனின் மடிவரை வந்தது. அன்றிலிருந்து அந்தத் தாள் குழலை விட்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு வாடையும் கூடவே வரும். மைத்துனர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத்தான், உங்கட ஏரி ஊத்தையாப் போச்சு போல" என்பார்.

இப்படியே போனது. ஒரு ஏரிக்கு மலை கிட்ட. ஒரு ஏரிக்கு மலை எட்ட. ஒன்றில் நீலம் சரி, வானம் பிழை. இன்னொன்றில் எல்லாம் சரியாக வந்து, பின்னேரம் நீராவிக் கப்பல் ஒன்று குறுக்கே போக, "கப்பல் இருக்கு, இது இல்லை" என்று எழும்பிவிட்டார். "அண்ணை, கப்பல் போயிடும்" என்றேன். "திரும்ப வருமே" என்றார். அவருடைய நியாயங்கள் எனக்கு விளங்குவதும் விளங்காததுமாக இருந்தன. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் எல்லா மலையும் ஒரே மலையாகத் தெரியும். புவியியல் படித்தவன் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது.

மைத்துனரின் பயணம் நெருங்கியது. பெட்டி கட்டிவிட்டார். கலசம் வைப்பதற்கென்று பெட்டிக்குள் துவாய் சுற்றி ஒரு இடம் விட்டிருக்கிறாராம். கலண்டரார் அந்தச் செய்தியைக் கேட்ட அன்று சாப்பிடவில்லை. "நான் அவவுக்கு ஓம் எண்டு சொன்னனான், மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அதுவரை நான் அவரைப் பகிடியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பங்குக்கு நானும் ஓவியர் பெயரைக் கொண்டு கணினியில் தேடினேன். மூல ஓவியம் வேறொரு நகரத்து ஓவியக்கூடத்தில் தொங்குகிறது என்று கண்டேன். மைத்துனர் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். கலசம் வழக்கம் போல ஜன்னலோரம்.

ஓவியம் ஒரு சுவர் முழுக்க இருந்தது. கலண்டரார் அதற்கு முன் நின்று தாளை விரித்து ஒப்பிட்டார். பின்னால் நடந்தார். நல்ல வேளை, அங்கே சீஸ் இல்லை. எங்களைப் பார்த்துவிட்டு, ஓவியக்கூடத்தில் விளக்கம் சொல்லும் பெண் அருகே வந்தார்.

"கேளுங்கோ மாஸ்டர். இது எந்த ஏரி?"

கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர் போலப் பேசினார். இந்த ஓவியர் இடங்களை வரைந்தவர் அல்லர். மலைகளை ஓரிடத்தில் பார்த்தார், தண்ணீரை வேறிடத்தில் பார்த்தார், மேகங்களைத் தன் மனத்துக்குள் பார்த்தார். உலகம் எல்லாம் ஒரே ஒழுங்கில் அமைந்தது என்பது அவர் நம்பிக்கை. அதைத்தான் ஏரியாக வரைந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அழகான ஒரு வசனம் சொன்னார். "இந்த ஏரிக்கரையில் யாரும் ஒருநாளும் நிற்க முடியாது, ஐயா."

கலண்டரார் என்னைப் பார்த்தார். அவர் கையில் பையின் பிடி இறுகியிருந்தது. மைத்துனர் பெட்டிக்குள் விட்டிருந்த அந்த இடம் என் கண்ணுக்குள் வந்தது. இரக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை வேறு. எனக்கு முழங்கால் வலித்தது. இனி ஒரு ஏரிக்குப் போக என்னால் முடியாது என்று தோன்றியது. அலுப்பு பாதி, இரக்கம் பாதி. எது முந்தி வாயைத் திறந்தது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

"அண்ணை, எங்கட ஏரிதானாம்" என்றேன். "லொசானிலை, எங்கட வீட்டுக்கு முன்னாலை கிடக்கிற ஏரி."

அவர் வாய் திறந்தபடி நின்றார். "பஸ்ஸாலை நான் தினமும் பார்க்கிற ஏரியோ?"

"அதேதான்."

"இவ்வளவு நேரம் கதைச்சது அவ்வளவுதானோ?"

"மிச்சம் விளக்கம்."

"எந்த இடத்திலை நிண்டு பார்த்தால் இப்பிடித் தெரியும் எண்டு வடிவாக் கேளுங்கோ."

இப்போது நான் அந்தப் பெண்ணிடம் ஏதாவது கேட்டே ஆக வேண்டும். என்ன கேட்பது? வாய்க்கு வந்ததைக் கேட்டேன். கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு மரியாதையாகக் கையை நீட்டி வழி சொன்னார். கீழே இறங்கி, இடது பக்கம் திரும்பி, கடைசி வரை போக வேண்டும்.

"ரெயினாலை இறங்கி, இடது பக்கம் திரும்பி, கடைசி வரைக்கும் போகட்டாம்" என்றேன்.

"எந்த ஸ்டேஷன்?"

திராட்சைத் தோட்டச் சரிவுக்குக் கீழே ஒரு குட்டி ஸ்டேஷன் இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னேன். திரும்பும் வழியில் அது வருவதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கலண்டரார் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். பெண்ணும் கண் கலங்கிவிட்டார். ஓர் ஓவியம் ஒரு மனிதரை இவ்வளவு ஆழமாகத் தொட்டதைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று என்னிடம் சொன்னார்.

"என்னவாம் மாஸ்டர்?"

"போயிட்டு வரட்டாம்."

பிறகு நான் இறங்கி, இடது பக்கம் திரும்பி, கடைசி வரை போனேன். உண்மையில் எனக்கு அது தேவைப்படவும் செய்தது.

கரைப்பது மறுநாள் காலை என்று முடிவாயிற்று. மைத்துனர் கறுத்த முகத்தோடு வந்து சேர்ந்தார். நாங்கள் மூவரும் அந்த ஸ்டேஷனில் இறங்கி, இடது பக்கம் திரும்பி, கடைசி வரை நடந்தோம். அங்கே ஒன்றும் இல்லாமல் போயிருந்தால், பொய் அன்றைக்கே உடைந்து நான் தப்பியிருப்பேன். சின்ன மரப்பாலம் ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு, எங்களுக்காகவே கட்டி வைத்தது போல இருந்தது.

மைத்துனர் தாளை வாங்கி, மணிக்கூட்டுச் சக்கரத்தின் பல்லைப் பார்க்கும் கண்ணால் பார்த்தார். "அத்தான், இதிலை ஒரு மலையும் பொருந்தேல்லை."

கலண்டரார் ஒரு கண்ணை மூடினார். இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார். "மாஸ்டர் கேட்டுச் சொன்னவர், மச்சான். படம் கீறினவனுக்குக் கை நடுங்கியிருக்கும்."

அடுத்ததாக வேறொரு குழப்பம் வந்தது. எதிர்க்கரை பிரான்ஸ் என்று மைத்துனர் சொல்லிவிட்டார். கலண்டரார் கலசத்தை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அப்ப தண்ணிக்கு நடுவாலை எல்லை போகுதோ? மாஸ்டர், அவவுக்குக் கடைசி வரைக்கும் எஃப் பெர்மிட் எண்ட தற்காலிக அனுமதிதானே. நாட்டை விட்டு வெளியிலை போகக்கூடாது. சாம்பல் அங்காலை போச்சுதெண்டால்?"

"அண்ணை, இனி ஆரும் மறிக்கமாட்டினம்."

"உங்களுக்குத் தெரியாது. ஒருக்கா ஜெர்மனிக்குக் கலியாணத்துக்குப் போக வெளிக்கிட்டு, எல்லையிலை இறக்கிப்போட்டாங்கள். புதுச் சேலையோடை நிண்டு அழுதவ."

மைத்துனர் கலசத்தின் மேல் கையை வைத்து, "அத்தான், அக்கா இப்ப ஒருத்தரையும் கேளாமல் போகட்டும்" என்றார். கலண்டரார் மரப்பாலத்தின் விளிம்பில் குந்திக் கலசத்தைச் சரித்தார். மைத்துனர் தேவாரம் பாடினார். எள்ளும் பூவும் விட்டோம். பிண்டத்தை வைத்துவிட்டுக் காகத்துக்காகக் காத்திருந்தோம். காகம் வரவில்லை. இரண்டு அன்னங்கள் ஏதோ தங்களுக்குத்தான் அழைப்பு என்பது போல் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து, ஒன்றையொன்று இடித்துத் தள்ளி, பிண்டத்தை விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று மைத்துனரின் சப்பாத்தைக் கொத்தின.

"இது செல்லுமோ?" என்றார் மைத்துனர், கலவரமாக.

கலண்டராருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. "உன்ரை அக்கா எப்பவும் கொஞ்சம் பெரிய இடத்து ஆள்தானேடா."

அத்துடன் முடிந்ததென்று நினைத்தேன். கலண்டராருக்கு அன்றுதான் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த மரப்பாலத்துக்குப் போவார். போகிறவர் வருகிறவரை மறித்துத் தாளை விரிப்பார். ஜப்பான்காரருக்கும் விளக்குவார், நாய் கொண்டு நடக்கும் ஊர்க்காரருக்கும் விளக்குவார். பிரெஞ்சும் தெரியாமல் எந்த மொழியில் விளக்கினார் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ரெனானில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால், "வாருங்கோ, ஒரு இடம் காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போவார். போனவர்கள் தெளிந்து வந்தார்கள். நான் மட்டும் போகாமலிருக்க முழங்காலைச் சாக்குச் சொன்னேன்.

அவர் விடவில்லை. தொலைபேசியில் அறிக்கை வரும். "மாஸ்டர், இண்டைக்கு மழை விட்ட பிறகு பார்த்தன். வலது பக்க மலை அச்சொட்டா வந்திட்டுது." அடுத்த மாதம், "மேகம் வரிசையா நிண்டது. எண்ணிப் பார்த்தன். படத்திலை உள்ளபடி." நான் ஓம், ஓம் என்பேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நானே போய்ப் பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், வலது பக்க மலை ஓரளவு பொருந்தத்தான் செய்தது. பொய்யைச் சொன்ன எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொன்னது பொய்தானா?

சில வருடங்கள் இப்படி நித்திரை கெட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் அந்த மரப்பாலத்துக்குப் பக்கத்து வாங்கில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அண்டைக்கு அந்த ஓவியக்கூடத்துப் பிள்ளை சொன்னது வேறை. உப்பிடி ஒரு ஏரி உலகத்திலையே இல்லை எண்டுதான் சொன்னவ. நான்தான் மாத்திச் சொன்னனான்."

அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. கோப்பை நிறைந்தது.

"அப்ப இது?" என்று தண்ணீரைக் காட்டினார்.

"இது... இது ஒரு ஏரி."

"அது தெரியுது."

ஏசுவார் என்று காத்திருந்தேன். எழும்பிப் போவார் என்று காத்திருந்தேன். அவர் கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மாஸ்டர், நான் ஒண்டு சொல்லுறன். என்ரை மச்சானுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ கையைத் தூக்கினது உண்மை. கலண்டரைக் காட்டினதும் உண்மை. ஆனால் கலண்டரிலை படம் மட்டுமே கிடக்கு? கீழை நாளும் திகதியும் கிடக்குத்தானே."

நான் கோப்பையை வாங்கில் வைத்தேன்.

"இண்டைக்கு என்ன நாள் எண்டு கேட்டாவோ, எப்ப வீட்டை போறது எண்டு கேட்டாவோ, ஆருக்குத் தெரியும்? நான் உடனை, 'ஓம், அந்த ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்' எண்டு சொல்லிப்போட்டன். அவ கையைக் கீழை விட்டிட்டா. அது சம்மதமோ, 'உவனுக்குச் சொல்லி விளங்காது' எண்ட அலுப்போ, அதுவும் தெரியாது. வீட்டை போறதைக் கேட்டிருந்தால், மாஸ்டர்? அதை நினைச்சால் நித்திரை வராது. அதுதான் ஏரி ஏரியா அலைஞ்சன்."

இரண்டு கிழவர்கள் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தோம். நான் ஒருவருக்குப் பிழையாகச் சொன்னேன் என்று இத்தனை காலம் வெந்துகொண்டிருந்தேன். அவர் ஒருத்தியைப் பிழையாக விளங்கினேனோ என்று என்னைவிடக் கூட வெந்திருக்கிறார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காகப் பேசியவனுக்கு அன்றைக்குச் சொல்லாமல் இருப்பதே சரி என்று பட்டது.

அவர்தான் தனக்கும் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்துவிட்டுச் சிரித்தார். "எண்டாலும், ரெண்டு பேரும் பிழையாச் சொல்லிச் சொல்லி, அவவை நல்ல இடத்திலைதான் கொண்டந்து விட்டிருக்கிறம். என்ன மாஸ்டர்?"

கழிவறை விஷயத்தை மட்டும் நான் அன்றைக்கும் சொல்லவில்லை. இதை வாசிக்கும் உங்களுக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். மைத்துனரும் இதை வாசிப்பார். அவர் என்னை மன்னிக்க வேண்டும், இரண்டு விஷயத்துக்கும்.

கலண்டரார் போன குளிர்காலத்தில் காலமானார். மைத்துனர் தொலைபேசியில், "மாஸ்டர், அத்தான் உங்களிட்டை இடம் ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார். இல்லை, சொல்லவில்லை என்று, உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிறகு இருவரும் கலசத்தோடு அந்த ஸ்டேஷனிலேயே போய் இறங்கினோம்.

இப்போது முழங்கால் வலிக்கும் நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறேன். இடது பக்க மலை இன்னும் சரியாக வரவில்லை. ஒருநாள் வந்துவிடும் என்றுதான் படுகிறது. வந்தால் யாருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.